வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

என் வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு வெள்ளை டீசர்ட், ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ, கயிறு கோத்த விசில். வருஷத்துக்கு ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் அந்தப் பையைத் திறப்பேன். அதிகாரிகள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிற நாட்கள் அவை. மற்ற நாளெல்லாம் நான் வேன் டிரைவர். அந்த நாட்களில் மட்டும் பி.டி. மாஸ்டர்.

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, நெல்வயலும் பிளாட் கல்லும் மாறி மாறி வருகிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். ஐந்தாவது வரைக்கும்தான், இங்கிலீஷ் மீடியம். அங்கே ஒரு பி.டி. மாஸ்டர் உண்டு, பதிவேட்டில். சர்டிபிகேட்டோடு, கையெழுத்தோடு இருக்கிறார். ஆளை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெயருக்கு உடம்பு நான். முதல் தடவை பள்ளித் தாளாளர் அந்த டீசர்ட்டைக் கையில் கொடுத்தபோது, எட்டாவதோடு நின்றவன் நான், இதெல்லாம் சரிவருமா என்று இழுத்தேன். "விசில் ஊதத் தெரியும்ல? பெறகென்னய்யா" என்றார். தெரியும்தான். மினி பஸ்ஸில் நாலு வருஷம் கண்டக்டராக ஊதினவன்.

கால அட்டவணையில் செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பீரியட் பி.டி. அதை லேமினேட் செய்து ஆபீஸ் ரூம் வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த நேரம் வந்ததும் கணக்கு மிஸ் கையில் சாக்பீஸோடு மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். போர்ஷன் பாக்கி இருக்கிறது, இந்த ஒரு நாள் மட்டும் என்பார். எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள் நாலு வருஷமாக ஓடுகிறது. எங்கள் முக்கு டீக்கடைக்காரர் அவரைப் பற்றிச் சொல்வார்: "அந்தம்மா நடந்து போனா செவத்துல இருக்க பல்லிகூட நேராப் போகுண்ணே." நான் இப்படிப்பட்ட பேச்சுகளைச் சேர்த்து வைக்கிறவன். மனுசர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு மறந்துபோகிற வார்த்தைகளை நான் மறப்பதில்லை. டிரிப் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் ஏறும்போதே கேட்பார்கள், "மாமா, இன்னைக்குப் பி.டி. உண்டா?" கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்டு, உண்டு என்பேன். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் என் வண்டி அழகர் திருவிழா எதிர்சேவைக்குப் போகிற வண்டி மாதிரி ஒரே கூச்சலாக இருக்கும். சாயங்காலம் அதே பிள்ளைகள் தலை தொங்க ஏறுவார்கள். ஒருத்தரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. பி.டி.தான் தங்களை ஏமாற்றிவிட்டது என்று நினைப்பார்கள் போல. என் இனிப்பான வாய்க்கு அப்படி ஒரு தப்பிக்கிற வழி எப்போதும் கிடைத்தது. அந்த வாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சாயங்காலப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பள்ளி ஆயாம்மா சொன்னது ஒன்று. "மூணு மணிக்கு மேல பிள்ளைக கண்ணு மீன்கடையில கெடக்க கண்ணு மாதிரி ஆயிருதுண்ணே. தெறந்திருக்கும், பாக்காது." வகுப்பைப் பெருக்கப் போகிறவர் அவர். எந்த மிஸ்ஸுக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து பெஞ்சில் ஒட்டவைத்த பிள்ளைகள் வேறு எப்படி இருக்கும்? சாப்பாட்டு வேளையிலும் வரிசையாக வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே உள்ளே போக வேண்டும். மைதானத்தில் இறங்கினால் சட்டை அழுக்காகும். பெற்றவர்கள் கேட்பார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. என் வண்டியில் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்காரும். உட்காரும் என்று எழுதுகிறேனே தவிர அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு காலை மடக்கும், மறு காலை ஆட்டும், சீட்டுக்கு அடியில் போய் வேறு பக்கம் முளைக்கும். அதன் அம்மா கோயில் பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கிறது. அப்பா திருப்பூரில். "இவ வயித்துக்குள்ள இருக்கும்போதே சைக்கிள் ஓட்டுனவண்ணே" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பிள்ளையின் டைரியில் வாரம் தவறாமல் சிவப்பு மையில் ஏதாவது எழுதி வரும். எல்லாம் இங்கிலீஷில். அம்மா தமிழ் மட்டும் படித்தது. அதனால் காலையில் வேன் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில் டைரியை என்னிடம் நீட்டும். நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். என் வண்டியில் வருகிற பாதி வீடுகளுக்கு இந்த வேலை எனக்கு உண்டு. பஸ் போர்டும் லாரி முதுகும் மருந்துச் சீட்டும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் படித்துச் சொல்கிற விதம் இப்படி: டைரியில், உங்கள் மகள் வகுப்பில் உட்கார மறுக்கிறாள், மற்றவர்களைக் கெடுக்கிறாள் என்று இருக்கும். நான், பிள்ளை நல்ல சுறுசுறுப்பு, கொஞ்சம் பொறுமை பழக்கச் சொல்றாங்க தாயி என்பேன். அந்த அம்மா முகம் தெளிந்துவிடும். வேலைக்குப் போகிற அம்மாவை விடிகாலையிலேயே ஏன் கலங்க வைப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நல்லவன் என்று பேர் வாங்குவது அம்புட்டு லேசாக இருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிறோம் என்று பள்ளிக்கூடத்து ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். வேன் கண்மாய்க்கரை முனை வரைக்கும்தான் போகும். அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் கரைமேல் நடக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் கூடவே போவேன். முதல் நாள் நடந்தார்கள். இரண்டாம் நாள் ஓடினார்கள். மூன்றாம் நாள், முதலில் டிரான்ஸ்பார்மர் கம்பத்துப் பக்கம் போவது யார், இரண்டாவது வேப்பமரம் வரைக்கும் ஒரு காலில் போவது யார் என்று அவர்களே பந்தயம் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்பிள்ளைதான் எப்போதும் முன்னால். முதுகில் புத்தகப்பை குதிக்க, பூட்ஸ் புழுதி கிளப்ப ஓடும்.

ஒரு பத்து நாள் கழித்து மூன்றாம் வகுப்பு மிஸ் என்னைக் கேட்டில் நிறுத்தினார். சின்ன வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர், கோபத்தில்கூட மெதுவாகப் பேசுவார். "வண்டியில பிள்ளைகளுக்கு என்னண்ணே குடுக்குறீங்க? முதப் பீரியட்ல பெஞ்சு சத்தமே இல்ல" என்றார். அந்தப் பெண்பிள்ளை டிக்டேஷன் இருபது வார்த்தையும் முழுசாக எழுதியதாம். அதைவிட, கை தூக்கிக் கேள்வி கேட்டதாம், கண்மாயில் தண்ணீர் வற்றினால் மீனெல்லாம் எங்கே போகும் என்று. வகுப்பே அதைப் பற்றிப் பேசி, ஒரு பீரியட் போனதே தெரியவில்லை என்றார். தான் படித்த பள்ளியில் காலையில் கால் மணி நேரம் டிரில் இருக்கும், அது எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது என்றும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் குழாயைப் பதித்து மண்ணைத் தள்ளி மூடினார்கள். வேன் மறுபடி கேட் வரைக்கும் போனது. பிள்ளைகள் வண்டியிலிருந்து நேராகப் பெஞ்சுக்குப் போனார்கள். ஒரே வாரத்தில் அந்தப் பிள்ளைக்குப் பழைய கால் திரும்பி வந்துவிட்டது. பென்சில் டப்பாவை வேண்டுமென்றே கீழே தள்ளுவதாம், எடுக்கிற சாக்கில் எழுந்திருக்கலாம் அல்லவா. மிஸ் என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் டைரியில் ஒரு குறிப்பு வந்தது. இந்தத் தடவை சிவப்பு மை இல்லை. தாளாளரின் நீல மை, கீழே பள்ளி முத்திரை. முழு ஆண்டுப் பரீட்சைக்குள் உங்கள் மகளின் போக்கு மாறாவிட்டால் அடுத்த வருஷம் இந்தப் பள்ளியில் இடம் கிடையாது, வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும், படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடவும். இவ்வளவுதான். படித்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒண்ணும் இல்ல தாயி. பிள்ளைய நல்லாக் கவனிச்சுக்கச் சொல்றாங்க. கையெழுத்து மட்டும் போட்டுருங்க" என்றேன்.

என் பேனாவைத்தான் கொடுத்தேன். வேன் கதவில் டைரியை வைத்துத் தமிழில் தன் பேரை நிறுத்தி நிதானமாக எழுதியது.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியும், அதை நானே கொடுத்துவிடுவேன், நிலைமை மாறிவிடும், பிறகு இந்தக் குறிப்பை யார் நினைக்கப்போகிறார்கள். அன்றைக்கே மூன்றாம் வகுப்பு மிஸ்ஸிடம் பேசினேன், அவரும் செய்யலாம் என்றார். மறுநாளிலிருந்து பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பி, நல்ல ரோடு இருந்தும் கண்மாய் முனையில் வண்டியை நிறுத்தினேன். மஞ்சள் பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். எனக்கு டிரில் ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்கு ஊதுகிற மாதிரி ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பொய்க்கு வாங்கிய விசில் நிசமாக ஊதியது அந்த மூன்று மாதம்தான்.

அரையாண்டில் அந்தப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறியது. கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. கணக்கு மிஸ்கூட, கழுதைக்கு மூளை இருந்திருக்கு என்றாராம். அம்மா எனக்கு வேன் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் பால்கோவா நீட்டியது. வாங்கித் தின்றேன்.

பொங்கல் லீவு முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு அப்பா பைக்கில் அந்தப் பக்கம் போயிருக்கிறார். தன் மகன் ஒரு காலில் புழுதிக்குள் குதிப்பதைச் செல்போனில் எடுத்துப் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். வேனுக்குப் பணம் கட்டுவது பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிடவா என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர். சாயங்காலம் என்னையும் மூன்றாம் வகுப்பு மிஸ்ஸையும் தாளாளர் ரூமுக்குக் கூப்பிட்டார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் நான் வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். பிள்ளைகள் ஓடிவிட்டுப் போனால் எப்படி இருக்கிறார்கள், ஓடாமல் போனால் எப்படி, ஆயாம்மா சொன்ன மீன்கடைக் கண் வரைக்கும் வரிசையாக வைத்திருந்தேன். பேச்சு எனக்கு வராத விஷயமா? டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் கிளாஸ் ஆறிப்போகும்.

"எதுக்குய்யா அங்க எறக்கிவிட்ட?" என்றார் தாளாளர்.

"வண்டி சூடாகுது சார்" என்றேன்.

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரே பேசினார். காலையில் கொஞ்சம் ஓடிவிட்டு வருவதால் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கிறார்கள், மார்க் லிஸ்ட்டைப் பாருங்கள், வெள்ளிக்கிழமைப் பி.டி.யையாவது பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள் என்றார்.

"அப்ப உங்க கிளாஸ உங்களால சமாளிக்க முடியல, டிரைவரு சமாளிக்கிறாரு. அப்படித்தான?" என்றார் தாளாளர். என் பக்கம் திரும்பி, "என்னய்யா, இந்தம்மா சொன்னுச்சுன்னுதான் எறக்கிவிட்டியா?" என்றார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நான் வண்டி ஓட்டுறவன்."

இந்த வார்த்தையை நான் எந்தச் சீட்டிலும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நிற்கிறது.

வெளியே வந்ததும் மிஸ் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து வண்டி கேட் வரைக்கும் போனது.

மாசி பிறந்தபோது அந்தப் பிள்ளையைப் பெஞ்சிலிருந்து எடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். கணக்கு மிஸ்ஸின் ஏற்பாடு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அசைந்தால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு, மொட்டை வெயிலில், தனியாக. எதைக் கொடுத்திருந்தால் பிள்ளை தேறியிருக்குமோ அதையே தண்டனையாக்கிவிட்டார்கள். ஒரு மாதத்தில் ஓட்டம் என்றாலே அந்தப் பிள்ளைக்குத் தப்பு செய்தவள் என்று அர்த்தமாகிவிட்டது. அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டது. என் வண்டியிலும் கையைக் கட்டிக்கொண்டே வந்தது. மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண் திறந்திருந்தது.

பங்குனியில் அதிகாரி வந்தார், ஒரு அம்மா. மஞ்சள் பையைத் திறந்தேன். முந்தின நாளே வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், வாரம் இரண்டு நாள் விளையாட்டு, இவர்தான் பி.டி. சார். காலையில் முழுசாக ஒரு மணி நேரம் மூன்றாம் வகுப்பு மைதானத்தில் இருந்தது. ஒரு விசில், இரண்டு விசில். அந்தப் பெண்பிள்ளை முதலில் ஓட மறுத்தது. "நான் ஒண்ணும் பண்ணலியே மாமா" என்றது. இது தண்டனை இல்லை ஆத்தா, விளையாட்டுதான் என்று நான் கெஞ்சி ஓட வைத்தேன். இரண்டாவது சுற்றில் முன்னால் போய்விட்டது.

அதிகாரி அம்மா அடுத்த பீரியட் அந்த வகுப்புக்குத்தான் போனார். மத்தியானம் நிழல் ஏன் குட்டையாகிறது என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை எழுந்து பதிலும் சொல்லி, அப்படியானால் ராத்திரியில் நம் நிழல் எங்கே இருக்கும் என்று திருப்பிக் கேட்டதாம். வெளியே வராந்தாவில் வெள்ளை டீசர்ட்டோடு நின்ற எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. விளையாட்டுக்கு நாங்கள் தனிக் கவனம் கொடுக்கிறோம் மேடம் என்று தாளாளர் சொல்வதும் கேட்டது. பார்வையாளர் நோட்டில் அந்த அம்மா அரைப் பக்கம் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தையும் லேமினேட் செய்து கால அட்டவணைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டுத் தோளில் தட்டினார் தாளாளர்.

சித்திரையில் ரிசல்ட்டோடு அந்தப் பிள்ளைக்கு டி.சி. கொடுத்தார்கள். கணக்கிலும் சயின்ஸிலும் போய்விட்டது. பெற்றோர் கூட்டத்தில் அம்மா அழுது பார்த்திருக்கிறது. புரட்டாசியிலேயே சொல்லியாயிற்று, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று டைரியின் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு மிஸ் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போயிருந்தார்.

நான் கேட்டுக்கு வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நேராக என்னிடம் வந்தது. ஒரு கையில் டைரி, ஒரு கையில் பிள்ளை.

"நீங்க படிச்சுச் சொன்னப்ப இப்படி ஒண்ணும் இல்லியேண்ணே."

துணியைப் பிழிந்தேன். தண்ணீர் வரவில்லை. மறுபடி பிழிந்தேன்.

"மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் தாயி..."

"தல்லாகுளத்துல என் தங்கச்சி வீட்டுப் பக்கத்துல ஒரு ஸ்கூலு. கிரவுண்டு அம்புட்டுப் பெருசு. இவளுக்குத் தோதா இருக்கும், மார்கழியில அட்மிஷன் பாரம் குடுப்பாக, எழுதிப் போடுக்கான்னு அவ தலபாடா அடிச்சுக்கிட்டா. இங்கதான் நல்லாப் படிக்கிறாளே, எதுக்குன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. "எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுன்னுதான உங்ககிட்டக் குடுத்தேன். கஷ்டப்படுறது என் பாடு. அத நீங்க ஏன் எடுத்துக்கிட்டீக?"

அந்த அம்மா கத்தவில்லை. பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, வேனுக்குள் மஞ்சள் பையிலிருந்து எட்டிப்பார்த்த விசில் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. டி.சி.யைக் கொடுங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். பழக்கம். அம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி மெடிக்கல் ஷாப்காரரிடம் போனது. கவுண்டரில் விரித்துவைத்து அவர் படிக்கப் படிக்க அது கேட்டுக்கொண்டு நிற்பதை நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவர் எதையும் மறைத்த மாதிரி தெரியவில்லை. முகம் சுருங்கி, பிறகு தலையாட்டியது.

அந்தப் பிள்ளை இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. கீழே பாத்திரக்கடை, மேலே இரண்டு மாடி பள்ளி. மைதானம் கிடையாது, மொட்டை மாடிக்குப் பூட்டு. மூன்றாவதையே மறுபடி படிக்கச் சொல்லிவிட்டார்களாம். என் வண்டி அந்த வழியாகப் போவதில்லை. ஆயாம்மா சொல்லித்தான் தெரியும்.

ஜூன் மாதம் முதல் வெள்ளிக்கிழமை, புதுப் பிள்ளைகளும் பழைய பிள்ளைகளுமாக வண்டி நிறைந்திருந்தது. ஒரு குட்டி பின்னாலிருந்து கேட்டது, "மாமா, இன்னைக்குப் பி.டி. உண்டா?"

"இல்ல" என்றேன்.

கண்மாய் முனை வந்தது. கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கேட்கவில்லை.